அத்தியாயம் 6: ஆடித் தள்ளுபடியில் அளந்து வாங்குவது

ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. அதற்கு முன்பே தி.நகர் உஸ்மான் சாலை, கோவை ஒப்பணக்காரத் தெரு, திருச்சி என்.எஸ்.பி. சாலை என்று எல்லாக் கடைத்தெருக்களிலும் பதாகைகள் ஏறிவிடுகின்றன. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறக்கும்வரை இதே கதைதான். இந்த ஒரு மாதத்தில் நல்ல பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடவும் முடியும். தேவையே இல்லாத நான்கு பைகளோடு வீடு திரும்பவும் முடியும். முதலாவது நடக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: எத்தனை சதவீதம் கழிவு என்பது கடைக்காரரின் கணக்கு. உங்கள் கையை விட்டு எவ்வளவு போகிறது, அது பட்டியலில் இருந்த பொருளுக்குத்தான் போகிறதா என்பது உங்கள் கணக்கு. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டாவது கணக்கைப் போடும் வழிகள்.

ஏன் ஆடியில் மட்டும்?

ஆடியில் பெரும்பாலான குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பட்டு நகராது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதால் விவசாயக் குடும்பங்களில் கைப்பணம் நிலத்துக்குப் போய்விடும். கடைக்காரருக்கோ தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் ரேக்குகள் காலியாக வேண்டும். முடங்கிக் கிடக்கும் சரக்கு ரொக்கமானால்தான் அடுத்த ஆர்டர் கொடுக்க முடியும். ஆக, விலையைக் குறைக்க அவருக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

ஆனால் கூட்டம் பெருகியபின், ஆடிக்கென்றே குறைந்த அடக்க விலையில் வரவழைத்து விற்கும் சரக்கும் சேர்ந்துகொண்டது. இன்று ஒரே தளத்தில் இரண்டும் கலந்திருக்கும். முதல் வகை, போன சீசனில் முழு விலைக்கு விற்று மிஞ்சியது. அதில் கழிவு நிஜம். பொருளின் வயதை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது வகை, முழு விலைக்கு ஒருநாளும் விற்கப்படாதது. அதில் அடித்துக் காட்டும் பழைய விலைக்கு அர்த்தமே இல்லை; அந்தப் பணத்துக்கு அந்தத் தரம் சரிதானா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பிரித்தறிவது எப்படி? மிஞ்சிய சரக்கில் ஒரே டிசைனில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அளவுகள் விட்டுவிட்டு இருக்கும். ஸ்டிக்கர் சற்றே பழசாக இருக்கும். ஒரே டிசைனில் எல்லா அளவும் எல்லா நிறமும் மேசைமேல் மலைபோல் குவிந்திருந்தால் அது ஆடிக்கென்று வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது உற்பத்தியாளர் வைக்கும் உச்ச விலை. துணிக்கு இவ்வளவுதான் எம்.ஆர்.பி. என்று அரசு நிர்ணயிப்பதில்லை. நெசவாளரிடமிருந்து மொத்தமாக வாங்கி வரும் சேலைக்குப் பெரும்பாலும் கடையே விலைச் சீட்டு ஒட்டுகிறது. ஒட்டியவரே அடிக்கும் விலையில் பாதி குறைந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கிளம்புவதற்கு முன்

1. ஆடிக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் எழுதத் தொடங்குங்கள். பள்ளிக்கூடச் சட்டை, படுக்கை விரிப்பு, கசியும் குக்கருக்கு மாற்று என்று தேவை தெரிய வரும்போதே குறியுங்கள். பதாகையைப் பார்த்தபின் எழுதும் பட்டியல் கடைக்காரர் எழுதுவது மாதிரிதான்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘இதற்கு மேல் கொடுக்க மாட்டேன்’ என்ற தொகையை எழுதுங்கள். ஜூன் மாதத்தில் இரண்டு கடைகளில் விலை கேட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொகை தானாகக் கிடைக்கும். மிக்ஸி, டி.வி. போன்றவற்றுக்கு மாடல் எண்ணோடு குறியுங்கள்.

3. அளவுகளைக் குறியுங்கள். பிள்ளைகளின் தோள், இடுப்பு, கால் நீளம். ஜன்னல், கட்டில், சோபாவின் நீள அகலம். ஒரு அளவு நாடா பையில் இருக்கட்டும். கழிவு விலைக்கு வாங்கி அளவு சேராமல் பீரோவில் தூங்கும் துணி முழு விலையைவிட அதிக நஷ்டம்.

4. கூட்டம் குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வார நாளில் காலை, கடை திறந்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர்கள் காரைத் தவிர்த்து மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் நேராகத் தெருவுக்குள் வந்துவிடலாம். முதல் பத்து நாளில் அளவும் நிறமும் கிடைக்கும். கடைசி வாரத்தில் விலை இன்னும் இறங்கலாம், ஆனால் மிஞ்சியதுதான் இருக்கும். பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் முதலில் போங்கள்; திரைச்சீலை, போர்வை போன்றவற்றுக்குக் காத்திருக்கலாம்.

பதாகையின் கணக்கை உடைப்பது

பில் கவுண்டருக்குப் போகுமுன் போனிலுள்ள கால்குலேட்டரில் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள்.

‘50 + 20 சதவீதம்’: இது 70 அல்ல. 4,000 ரூபாய்ச் சேலை முதலில் 2,000 ஆகிறது. இரண்டாவது கழிவு அந்த 2,000-த்தில்தான். நீங்கள் கொடுப்பது 1,600. மொத்தக் கழிவு 60 சதவீதம்.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’: மூன்றும் ஒரே விலையாக இருந்தால் கழிவு 33 சதவீதம். ஆனால் மூன்றில் விலை குறைந்ததுதான் இலவசம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 1,500, 1,200, 800 ரூபாய்ச் சட்டைகளை எடுத்தால் 3,500-க்குப் பதில் 2,700 கொடுக்கிறீர்கள். கழிவு 23 சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிறது. உங்களுக்குத் தேவை ஒரு சட்டையானால் 1,200-ல் முடிந்திருக்கும்.

‘3,000 ரூபாய்க்கு வாங்கினால் 1,000 ரூபாய் கூப்பன்’: அந்தக் கூப்பனை அடுத்த முறை 2,500 ரூபாய்க்கு வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்று நிபந்தனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறையும் சேர்த்து 5,500 ரூபாய்ப் பொருளுக்கு 4,500 கொடுக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு போலத் தெரிந்த கழிவு 18 சதவீதமாகச் சுருங்குகிறது. அதுவும் நீங்கள் திரும்பி வந்தால்தான். கூப்பனின் கடைசித் தேதியைப் பார்க்காமல் பில் போடாதீர்கள்.

‘70 சதவீதம் வரை’: இதில் எடை முழுவதும் ‘வரை’ என்ற சொல்லில் இருக்கிறது. 70 உள்ள ரேக் எது என்று நேரே கேளுங்கள். அங்கே உங்கள் பட்டியலில் உள்ளது எதுவும் இல்லையென்றால் அந்தப் பதாகை உங்களுக்கானது இல்லை.

பில்லில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரிகளும் உட்பட என்று பொருள். எம்.ஆர்.பி.யில் கழிவு என்று சொல்லிவிட்டு, கழித்த விலைக்கு மேல் தனியாக ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்படிக் கழிவு விலைக்கு மேல் வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது.

துணி: கண்ணும் கையும் செய்ய வேண்டியது

ஆடியில் செலவு பெரிதும் துணியில்தான். மடித்த நிலையில் பார்த்து எந்தத் துணியையும் வாங்காதீர்கள்.

சேலையை முந்தி முதல் ஜாக்கெட் துணி வரை முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் விற்பனையாளர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. முதலில் மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். நாள்பட ரேக்கில் இருந்த சேலையில் வெளிமடிப்பு மட்டும் விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும். பட்டாக இருந்தால் மடிப்பில் இழை நைந்து, லேசாக இழுத்தாலே விடும். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை உள்பக்க ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்கும்போது மற்றத் துணிகளையும் கெடுக்கும்.

பட்டில் ஏமாற்றத்துக்கு இடம் அதிகம். சில்க் மார்க் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியப் பட்டு வாரியம் முன்னின்று 2004-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அது பட்டு இழை அசல் என்பதற்குத்தான் சான்று, ஜரிகைக்கு அல்ல. அசல் ஜரிகையில் வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். மலிவு ஜரிகையில் செம்போ வெறும் பிளாஸ்டிக் இழையோ இருக்கும். அதனால் ‘பட்டு அசலா’, ‘ஜரிகை எந்த வகை’ என்று இரண்டு தனிக் கேள்விகள் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில். சேலை ஓரத்தில் தொங்கும் உதிரி இழையை வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம்: அசல் பட்டு முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும், செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

கைத்தறிச் சேலை, வேட்டி, போர்வை வாங்க எண்ணுகிறவர்கள் ஆடியில் அவசரப்படத் தேவையில்லை. 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியையொட்டி வழக்கமாக 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி தருகிறது. அங்கே ஒப்பிட்டுப் பார்த்த பின்பு முடிவு செய்யலாம்.

ஆயத்த ஆடையில் சீட்டில் உள்ள அளவை நம்பாதீர்கள். குவியலில் பல கம்பெனிச் சரக்கு கலந்திருப்பதால் ஒரே எண் மூன்று அளவாக இருக்கும். நாடாவால் அளந்து பாருங்கள். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள், பழசானால் திரும்பாது. ‘எக்ஸ்போர்ட் சர்பிளஸ்’ என்பதில் நல்லதும் உண்டு, ஏற்றுமதியில் கழித்துவிட்ட செகண்ட்ஸும் உண்டு. தையல், பொத்தான் துளை, காலர் ஓரம், இரண்டு கையின் நீளம் இவற்றைப் பாருங்கள். திருப்பூர் காதர்பேட்டை விலை தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

செருப்பும் ஷூவும் தனி எச்சரிக்கைக்கு உரியவை. பாலியூரிதேன் அடிப்பாகம் உள்ளவை உபயோகிக்காமல் பெட்டியிலேயே இருந்தாலும் ஈரக்காற்றில் நாளாக ஆக உள்ளேயே உளுத்துப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும். நாலு நாள் நடந்தால் அடி பிளந்து கொட்டும். பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தையது என்றால் எவ்வளவு கழிவு தந்தாலும் வேண்டாம். ரெக்சின் கைப்பைகளுக்கும் இதே விதி. மடித்த இடத்தில் தோல் உரிகிறதா என்று விரலால் நீவிப் பாருங்கள்.

வீட்டுச் சாதனங்கள்

கோடை முடிந்த மாதம் என்பதால் விற்காமல் நின்ற ஏ.சி.களை வியாபாரிகள் இறக்கிவிடப் பார்ப்பார்கள். வாங்கலாம், ஆனால் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். நட்சத்திர அளவுகோலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த ஏ.சி. நான்காக இறங்கியது. அதனால் லேபிளில் அது எந்தக் காலத்துக்கு உரியது என்று பாருங்கள். அதிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும். இரண்டு ஏ.சி.களின் யூனிட் வித்தியாசத்தை உங்கள் மின் கட்டணத்தின் மேல் அடுக்கு விலையால் பெருக்குங்கள். ஏ.சி. ஓடும் யூனிட்டெல்லாம் அந்த மேல் அடுக்கில்தான் விழும். அந்தத் தொகையை ஐந்து வருஷத்துக்குப் பெருக்கினால், விலை குறைந்ததுதான் உண்மையில் மலிவா என்று தெரிந்துவிடும்.

காட்சிக்கு வைத்திருந்த பொருளை வாங்கினால், அதைப் பில்லில் குறிக்கச் சொல்லி, வாரண்டி அட்டையில் அன்றைய தேதியோடு கடை முத்திரை வாங்குங்கள். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையென்றால் இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

‘வட்டியில்லா தவணை’க்கும் விலை உண்டு. பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, அந்த வட்டிக்கு ஈடான தொகையை விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள். 36,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு மாதம் 6,000 வீதம் ஆறு தவணை, வட்டி 15 சதவீதம் என்றால் உள்ளே ஏறக்குறைய 1,500 ரூபாய் வட்டி இருக்கும். அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் நடைமுறைக் கட்டணம், எல்லாம் உங்கள் பொறுப்பு. சுமார் 500 ரூபாய் கூடும். ‘மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு, அந்த விலையோடு ஒப்பிடுங்கள்.

தங்கம்: ஒரே ஒரு வகுத்தல்

ஆடிப்பெருக்குக்குத் தங்கம் வாங்குகிறவர்கள் நிறைய. ‘கிராமுக்கு 200 ரூபாய் கழிவு’ என்ற பலகை சேதாரத்தை மறைத்துவிடும். எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்து, இரண்டு பவுன் சங்கிலிக்குக் கணக்குப் போடுவோம். செய்கூலி, வரி இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் கடை: கழிவு இல்லை, சேதாரம் 10 சதவீதம். 17.6 கிராமுக்கான விலை 1,76,000.

இரண்டாவது கடை: கிராமுக்கு 200 கழிவு, சேதாரம் 16 சதவீதம். 18.56 கிராமுக்கு 1,85,600. 16 கிராமுக்கான கழிவு 3,200 போனால் 1,82,400.

கழிவு தந்த கடையில் 6,400 ரூபாய் அதிகம். அதனால் எந்தக் கடையானாலும் பில்லின் கடைசித் தொகையை, கல் எடை நீக்கிய தங்க எடையால் வகுங்கள். அந்த எண் எங்கே குறைவோ அந்தக் கடைதான் மலிவு. நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 916 போன்ற தூய்மை எண், ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்க வேண்டும். இந்த ஆறு எழுத்து 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம்.

போனில் வாங்கும்போது

ஆடியின் கடைசி வாரமும் ஆகஸ்ட் 15-ம் சேர்ந்து வருவதால் செயலிகளிலும் விற்பனை உச்சத்தில் இருக்கும். ‘இன்னும் 2 மட்டுமே’, ‘09 நிமிடத்தில் முடிகிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவது இவையெல்லாம் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 உத்திகளுள் அடங்கும். கூடையில் போட்டுவிட்டு ஓர் இரவு காத்திருங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றினால், டெலிவரிக் கட்டணம் உட்பட வரும் கடைசித் தொகையைப் பட்டியலில் எழுதிய தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பில், மாற்றித் தருவது, புகார்

பில் இல்லாமல் ஒன்றும் வாங்காதீர்கள். கேட்டும் பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘ஆடிச் சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை இருந்தாலும், பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர அதே சட்டம் சொல்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பது பழுது ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம். ஆகவே பணம் கொடுக்கும் முன்னே கேட்டு, எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சீட்டைக் கிழிக்காமல், வீட்டில் போட்டுப் பார்த்த பிறகே துவைக்கப் போடுங்கள்.

கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பில் கவுண்டர் வரிசையில் கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

– இது பட்டியலில் இருந்ததா?
– நான் எழுதி வைத்த தொகைக்குள் வருகிறதா?
– விரித்து, அளந்து, தயாரித்த மாதம் பார்த்தாயிற்றா?
– கழிவுப் பலகையே இல்லாமல் இதே விலைக்கு மாட்டியிருந்தால் எடுத்திருப்பேனா?
– மாற்றித் தரும் நாள் பில்லில் இருக்கிறதா?

ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்தாலும் அந்தப் பொருளைக் கவுண்டரிலேயே வைத்துவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாங்கிய பொருள், கொடுத்த தொகை இரண்டையும் பட்டியல் நோட்டிலேயே எழுதுங்கள். தீபாவளிக்கு மறுவாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதுவரை ஒருமுறைகூட உபயோகிக்காதவற்றுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்த பொருள்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். அடுத்த ஆடிக்கு ஒதுக்கும் பணத்தில் அவ்வளவையும் கழித்துவிட்டுப் பட்டியலைத் தொடங்குங்கள்.